பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் மாணவர்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பள்ளியை நேரில் போய்ப் பார்க்கும் நாளில், பல இடங்களில் சுற்றிக்காட்ட வருவது அங்கே படிக்கும் மாணவர்தான். சில பள்ளிகளில் நான்கைந்து மாணவர்களை உட்காரவைத்துப் பெற்றோர் கேள்வி கேட்க நேரம் தருவார்கள். சேரப்போகும் பிள்ளை ஒரு நாள் முழுக்க ஒரு மாணவரோடு வகுப்புகளில் உட்கார்ந்து பார்ப்பதும், விடுதிப் பள்ளியாக இருந்தால் ஓர் இரவு தங்கிப் பார்ப்பதும் உண்டு. பள்ளியின் விளம்பரத் தாளில் இல்லாததை அந்த மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் எதிரே நிற்பது 13, 16 வயதுப் பிள்ளை. அந்த வயசுக்குத் தக்கபடி எப்படிக் கேட்பது என்பதைத்தான் இந்தப் பக்கம் சொல்கிறது.

மாணவரிடம் சொந்த விஷயம் எதுவுமே கேட்கக் கூடாதா?

கேட்கலாம். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்பதும் சொந்தக் கேள்விதான், அதற்கு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. பள்ளியில் அவர் பார்ப்பது, செய்வது, அதைப் பற்றி நினைப்பது எல்லாம் தாராளமாகக் கேட்கத் தகுந்தவை. வீடு, பணம், உடம்பு, மனசு, மார்க், மத நம்பிக்கை ஆகியவை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியவை.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கேள்விகள் நிறைய இருக்கின்றன. வீட்டு ஏக்கம், நண்பர்கள் அமைவது, பாடத்தில் பின்தங்குவது போன்றவை. இவற்றை "உனக்கு அப்படி இருந்துச்சா?" என்று கேட்காமல், "புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் மாசம் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். மாணவர் விரும்பினால் "எனக்கே ரெண்டு வாரம் அழுகையா வந்துச்சு" என்று தானே சொல்வார். விரும்பாவிட்டால் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வார். எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

ஒரு கேள்வி எல்லை தாண்டுகிறது என்று கேட்பதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

மனசுக்குள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: இந்தக் கேள்விக்கு மாணவர் பதில் சொல்லாமல் இருந்தால், அந்த மௌனமே பதிலாகிவிடுமா?

"நீ ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறாயா?" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்றால் சட்டென்று சொல்லிவிடலாம். 'ஆமாம்' என்பவர் தயங்கினாலும் சிரித்து மழுப்பினாலும் சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் விஷயம் விளங்கிவிடும். அவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. "பெயில் ஆகியிருக்கிறாயா?", "அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?", "மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?" எல்லாம் இதே ரகம். "லைப்ரரியை எவ்வளவு நேரம் திறந்து வைப்பாங்க?" என்பதற்கு "சரியாத் தெரியல" என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பதிலில் மூன்றாம் மனிதர் பெயர் வருமா என்று பாருங்கள். "எந்த டீச்சர் மோசம்?", "வகுப்பில் யார் ரௌடி?" என்று கேட்டால், மாணவர் நாளை மறுபடி முகம் பார்க்க வேண்டிய ஒருவரைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டியிருக்கும்.

பிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளையே 'சொல்ல மாட்டேன்' என்று சொல்லிவிடலாமே?

சொல்ல முடியாது. கேட்பவர் வயதில் பெரியவர், பள்ளியின் விருந்தாளி. பெரியவர் கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், பள்ளியிலும் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஆசிரியர் நிற்கக்கூடும். பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பொறுப்பு வேறு தலையில் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் மறுப்பது பெரியவர்களுக்கே கடினம். அதனால்தான் கேட்கலாமா கூடாதா என்று யோசிக்கும் பொறுப்பு முழுவதும் கேட்பவருடையது.

ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதத் தொடர்பிலும் முறையின்றித் தலையிடக் கூடாது என்கிறது. பெற்றோர் கேட்கும் ஒரு கேள்விக்காக யாரும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. ஆனாலும் பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம் என்று தெரிந்திருப்பது நல்லது.

மார்க், ரேங்க் பற்றிக் கேட்காமல் படிப்பின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மாணவரின் மார்க்கை வைத்துப் பள்ளியின் தரத்தை அளக்க முடியாது. சுற்றிக்காட்ட வருபவர்களைப் பள்ளி தேர்ந்தெடுத்தே அனுப்பியிருக்கும். அவர் 95 வாங்கியிருந்தாலும் 60 வாங்கியிருந்தாலும் உங்கள் பிள்ளை எவ்வளவு வாங்கும் என்பதற்கு அதில் துப்பு ஒன்றும் இல்லை.

பாடம் நடக்கும் விதத்தைக் கேட்டால் அதைவிட எவ்வளவோ தெரியவரும்:

- பரீட்சைத் தாள் திருத்தி வர எத்தனை நாள் ஆகும்? வந்த பிறகு வகுப்பில் என்ன செய்வீங்க?
- ஒரு கணக்கு புரியலைன்னா யார்கிட்ட, எந்த நேரத்துல போய்க் கேட்பீங்க?
- லேப்ல நீங்களே செஞ்சு பார்ப்பீங்களா, டீச்சர் செய்யறதைப் பார்ப்பீங்களா? ஒரு மேஜைக்கு எத்தனை பேர்?
- ஒரு நாளைக்கு வீட்டுப்பாடம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?
- இங்கே படிக்கிறவங்க வெளியே டியூஷன் போறது வழக்கமா?

கடைசிக் கேள்வியில் 'நீ போறியா?' என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்விக்கு "ஒரு வாரத்துல தந்துடுவாங்க, தப்பை எல்லாம் திரும்ப எழுதிக் காட்டணும்" என்று வந்தால் ஒரு பள்ளி. "தாள் வரும், பைல வெச்சுடுவோம்" என்று வந்தால் அது வேறு பள்ளி.

மாணவர் கையில் இருக்கும் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதில் மார்க்கும் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளும் இருக்கும். அதைக் கேட்பதும் மார்க் கேட்பதும் ஒன்றுதான். திருத்திய நோட்டுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயரை மறைத்த மாதிரி ஒன்றை அவர்களால் காட்ட முடியும்.

ஃபீஸ் எவ்வளவு கட்டுகிறார்கள், சலுகை கிடைக்கிறதா என்று மாணவரைக் கேட்கலாமா?

கூடாது. பிள்ளைக்கு அது தெரியாமலே இருக்கலாம். வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பார்கள். தெரிந்திருந்தால் இன்னும் சங்கடம்.

உங்களுக்கு வேண்டிய தகவல் அலுவலகத்தில் இருக்கிறது. அங்கே தயங்காமல், நுணுக்கமாகக் கேளுங்கள். அறிவிக்கும் கட்டணத்துக்கு மேல் சீருடை, புத்தகம், பஸ், லேப், பரீட்சை, சுற்றுலா, திருப்பித் தரும் வைப்புத்தொகை எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு என்ன ஆகும்? சலுகை ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடியும் வரைக்கா? அது தொடர்வதற்கு மார்க் நிபந்தனை உண்டா? சலுகை பெறுபவர் பெயர் நோட்டீஸ் போர்டில் வருமா, கட்டணம் தாமதமானால் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பார்களா? இந்தக் கடைசி இரண்டையும் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. பள்ளியின் குணம் அதில்தான் தெரியும்.

"எந்த ஊர்?", "அப்பா என்ன வேலை?" என்று கேட்பது சாதாரணப் பேச்சுதானே?

பேச்சைத் தொடங்க அது எளிதாக வாயில் வருகிறது. ஆனால் ஊர், முழுப்பெயர், அப்பா வேலை, வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனால் அது சாதியையும் மதத்தையும் வசதியையும் சுற்றி வளைத்துக் கேட்பதாகத்தான் முடியும். கேட்பவர் மனசில் அந்த எண்ணம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அதைக் காதில் வாங்கும் பிள்ளைக்கு அப்படித்தான் படும், அதுவும் ஏற்கெனவே ஒரு முறை அடிபட்ட பிள்ளையாக இருந்தால்.

அப்பா இல்லாத பிள்ளையிடம் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டுவிட்டு நிற்கும் அந்த இரண்டு நொடிகளை யோசித்துப் பாருங்கள். "எந்த வகுப்பு?", "இங்கே எத்தனை வருஷமா படிக்கிறீங்க?", "சுற்றிக்காட்டுற வேலையை நீங்களே கேட்டு வாங்கினீங்களா?" என்று தொடங்கினால் பேச்சு இயல்பாகவே வளரும்.

கொடுமைப்படுத்தல், ராகிங் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம் ஆயிற்றே. அதை எப்படிக் கேட்பது?

அவசியம்தான், கட்டாயம் கேட்க வேண்டும். "உன்னை யாராவது அடிச்சிருக்காங்களா?" என்று கேட்பது மட்டும் வேண்டாம். ஆறாத காயத்தைப் பத்துப் பேர் நடுவில் தொட்டுவிடுவீர்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் ஒற்றை வார்த்தையில் 'இல்லை' என்று வரும், உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இங்கே ஒரு பிள்ளைக்கு இன்னொருத்தர் தொல்லை கொடுத்தா, அந்தப் பிள்ளை முதல்ல யார்கிட்ட போகும்? அதுக்கப்புறம் என்ன நடக்கும்?"

பதிலில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். போக வேண்டிய ஆள் யார், அவரை எங்கே பார்க்கலாம், சொன்ன பிறகு என்ன நடக்கும். "வகுப்பாசிரியர்கிட்ட சொல்லலாம், இல்லைன்னா மாடியில கவுன்சிலர் அறை இருக்கு, ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு விசாரிப்பாங்க" என்று தடையில்லாமல் வந்தால், நடைமுறை மாணவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இங்கே அதெல்லாம் நடக்கவே நடக்காது" என்ற பதிலை நல்லதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பொய்யாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் கூடும் எந்த இடத்திலும் உரசல் வரும். வந்தால் என்ன செய்வது என்று மாணவருக்குத் தெரியவில்லை என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த தகவல்.

அதே கேள்வியை அலுவலகத்திலும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. எழுத்து மூலமான புகார் முறை உண்டா, எத்தனை நாளில் பதில் வரும், பெற்றோருக்கு எப்போது சொல்வார்கள் என்பதை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாணவர் தனக்கு நடக்கும் ஒரு கொடுமையைச் சொல்லிவிட்டால்?

அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. அமைதியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். துருவ வேண்டாம். "அவர்தானே செஞ்சார்?" என்பது போலப் பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கும் கேள்விகள் பின்னால் நடக்கும் விசாரணையையே கெடுத்துவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "சொன்னது நல்லது. இதைச் சரிசெய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்லணும்" என்று நேராகச் சொல்லுங்கள். மாணவர் சொன்ன வார்த்தைகளை, தேதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள். புகாரே அவர் மேல் என்றாலோ, பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றாலோ, அந்தந்த நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணையோ காவல்துறையையோ அழையுங்கள். மற்ற பெற்றோரோடு இதைப் பேசிக்கொள்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு.

விடுதியைச் சுற்றிப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

விடுதி அறை அந்தப் பிள்ளைகளின் வீடு. கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். அலமாரியைத் திறப்பது, மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது, சுவரில் ஒட்டியிருக்கும் குடும்பப் படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்பது எல்லாம் வேண்டாம். ஆள் இருக்கும் அறையைவிட மாதிரி அறையையோ காலி அறையையோ காட்டச் சொல்வது நல்லது. போட்டோ எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்; பிள்ளைகள் முகமோ பெயர் எழுதிய கட்டிலோ படத்தில் விழக் கூடாது.

கேட்கத் தகுந்தவை ஏராளம். வீட்டுக்குப் போன் பேச எந்த நேரம், எவ்வளவு நேரம்? ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவீங்க, அவர் அதே மாடியில்தான் தூங்குவாரா? காலையில் குளிக்க எத்தனை பேருக்கு ஒரு குளியலறை? சாப்பாடு பிடிக்காத அன்றைக்கு என்ன செய்வீங்க? "ராத்திரி யாரை எழுப்புவீங்க" என்ற கேள்விக்கு மாணவர் ஒரு பெயரைச் சொன்னால், பிறகு அலுவலகத்தில் "இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்?" என்று எண்ணிக்கை கேளுங்கள்.

எங்கள் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ உடல்நலச் சிக்கலோ இருக்கிறது. அதே போன்ற மாணவரிடம் பேச ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் நடைபாதையில் ஒருவரைப் பிடித்து அல்ல. காது கேட்கும் கருவி வைத்திருப்பவரையோ சக்கர நாற்காலியில் இருப்பவரையோ பார்த்து "உனக்கு எப்போ இப்படி ஆச்சு?" என்று தொடங்குவது, அந்த நிமிஷத்தில் அவரை வெறும் நோயாளி ஆக்கிவிடுகிறது. பார்க்கப் போவதற்கு ஒரு வாரமாவது முன்னதாகச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். பள்ளி அந்தக் குடும்பத்தைக் கேட்டு, அவர்களும் பிள்ளையும் சம்மதித்தால், பேச ஏற்பாடு செய்யும். பெயரை முன்கூட்டியே தரமாட்டார்கள், தரக் கூடாது. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் பள்ளிகள் மாணவர் பதிவுகளை வெளியே தருவதை 1974ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள் உடல்நலம், மதம், இனம் பற்றிய தகவல்களுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகின்றன. எனவே அலுவலகம் கைவிரித்தால் அதைப் பிகு என்று நினைக்காதீர்கள்.

உங்கள் பிள்ளையின் விஷயத்தைக் கூட்டத்தில் போட்டு உடைப்பதும் இதே தவறுதான். "இவனுக்கு எழுத்து தலைகீழாத் தெரியும், சமாளிச்சுக்குவானா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பதற்கு முன், பிள்ளையைக் கேட்டீர்களா?

பதில் ஒழுங்காக வர எப்படிக் கேட்க வேண்டும்?

ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள். "சாப்பாடு நல்லா இருக்குமா?" என்றால் "ம்ம், நல்லாத்தான் இருக்கும்" என்றுதான் வரும். "நேத்து மதியம் என்ன போட்டாங்க? எதை மிச்சம் வெச்சீங்க?" என்றால் சங்கதி வரும்.

ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி போலத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போதும் அது பொருந்தும். மௌனம் நீள்கிறதே என்று நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள்.

சொன்ன பதில் பிடிக்காமல் அதே கேள்வியை மறுபடி கேட்பது கூடவே கூடாது. முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பிள்ளைகள் பதிலை மாற்றிவிடுவார்கள். இரண்டாவது பதிலை நம்பவே முடியாது.

இடமும் முக்கியம். மாடிப்படி ஏறும்போது கேட்டால் பின்னால் வருபவருக்குக் கேட்காது, மாணவரும் மூச்சு வாங்குவார். ஓரிடத்தில் நிற்கும்போது கேளுங்கள். ஆசிரியர் ஒட்டி நிற்கும்போது கேட்டால் பாடம் ஒப்பிப்பது போலப் பதில் வரும். அதற்காக மாணவரைத் தனியே ஓர் அறைக்குள் அழைத்துப் போகவும் கூடாது. பிறர் கண்ணில் படும்படி, ஆனால் காதில் விழாத தூரத்தில் நின்று பேசுவது சரியான ஏற்பாடு.

மாணவரை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா?

'நீங்க' என்றே பேசுங்கள். தம்பி, தங்கச்சி என்று சேர்த்துக்கொண்டாலும் வினை 'சொல்லுங்க' என்றே முடியட்டும். வயசுக்குச் சின்னவர்தான், ஆனால் இப்போது அவர் உங்களுக்காக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார். 'நீ' என்று தொடங்கினால் வீட்டுப் பிள்ளையிடம் பேசும் உரிமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் அந்த உரிமையில்தான் வரும். ஆரம்ப வகுப்புக் குழந்தைகளிடம் 'நீ' இயல்பு, அதில் தவறில்லை.

கேள்விகளைப் பெற்றோர் கேட்பது நல்லதா, பிள்ளையே கேட்பது நல்லதா?

பிள்ளை கேட்பது. வயசு நெருங்கியவர்களுக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடும். "லஞ்ச்ல யார் கூட உட்காருவீங்க?" என்று 12 வயசுப் பிள்ளை கேட்டால் அது சாதாரணக் கேள்வி, அப்பா கேட்டால் விசாரணை. முந்தின நாள் இரண்டு மூன்று கேள்விகளைப் பிள்ளையே எழுதி வைத்துக்கொள்ளட்டும். பள்ளியில் நீங்கள் இரண்டடி பின்னால் நடந்து வாருங்கள். போன் நம்பர், இன்ஸ்டாகிராம் பெயர் வாங்கிக்கொள்வது வேண்டாம் என்று பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். பிறகு தோன்றும் கேள்விகளை அலுவலகம் வழியாக அனுப்பலாம்.

கேட்ட பிறகுதான் தவறு என்று தெரிகிறது. என்ன செய்வது?

மாணவர் ஆசிரியர் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அல்லது கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சிரிப்பார். இல்லையென்றால் பேச்சின் வேகம் திடீரென்று கூடும். பதில் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்: "அது பரவாயில்லை, விட்டுடுங்க. அந்தக் கட்டடத்துல என்ன இருக்கு?" அவ்வளவு போதும். நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்டால் எல்லோரும் மறுபடி அந்தக் கேள்வியையே யோசிப்பார்கள்.

கூட வந்த வேறொரு பெற்றோர் இப்படிக் கேட்டாலும் வழி இதுதான். அவரைக் கண்டிக்கத் தொடங்கினால் மாணவர் நடுவில் மாட்டிக்கொள்வார். மாணவர் வாய் திறப்பதற்குள் வேறொரு கேள்வியை நீங்கள் கேட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை உங்களை நன்றியோடு பார்க்கும்.

"வேறு எந்தப் பள்ளிகளுக்கு அப்ளிகேஷன் போட்டீர்கள்?" என்று கேட்கலாமா?

வேண்டாம். எங்கெங்கே இடம் கிடைக்கவில்லை என்று கேட்பது போல ஆகிவிடும். "பள்ளி தேடும்போது உங்க வீட்டுல எதையெல்லாம் பார்த்தீங்க?" என்றால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பள்ளி எங்கள் பிள்ளையிடம் சொந்தக் கேள்விகள் கேட்டால்?

என்ன பிடிக்கும், என்ன படிக்கிறாய், எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்பது முறைதான். வீட்டு வருமானம், பெற்றோருக்குள் சண்டை, மத வழக்கம் ஆகியவற்றைப் பிள்ளையிடம் கேட்பது முறையல்ல. "அதை அம்மாகிட்ட கேளுங்க, மிஸ்" என்ற ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்க்க வையுங்கள். நீங்கள் அங்கே இருந்தால், "இந்தத் தகவல் எதற்காகத் தேவை, யார் பார்ப்பாங்க?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் பள்ளி சொல்லிவிடும்.

மாணவர்களைத் தயார் செய்ய பள்ளிகள் என்ன செய்யலாம்?

மாணவர், பெற்றோர் இருவரின் சம்மதமும் முதலில் வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட வேண்டும். ஒரு குழுவுக்கு இரண்டு மாணவர்களை அனுப்புங்கள். ஒருவர் திணறும்போது மற்றவர் பேச்சை எடுத்துக்கொள்வார். குழுவில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் கேள்விகள் கட்டுக்குள் நிற்காது.

சொல்லிப் பழக மூன்று பதில்கள் போதும்: "அதை ஆபீஸ்ல கேட்டா சரியாச் சொல்வாங்க", "அது எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்", "அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லைங்க". மூன்றாவதுதான் கடினம். ஆசிரியரே மோசமான பெற்றோராக நடித்து, கூச்சம் போகும் வரை சொல்ல வைக்க வேண்டும். தொடங்கும்போது பள்ளியின் பெரியவர் ஒருவர், "மார்க், கட்டணம், குடும்பம் பற்றிய கேள்விகளை எங்களிடம் கேளுங்கள்" என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். முடிந்ததும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "யாராவது சங்கடமா ஏதாவது கேட்டாங்களா?" என்று விசாரியுங்கள். எந்தப் பதிலுக்காகவும் மாணவரைத் திட்டக் கூடாது. ஒரு முறை திட்டினால் அடுத்த முறையிலிருந்து ஒப்பிப்பார்.

பார்த்துவிட்டு வந்த பிறகு?

மாணவருக்கு அங்கேயே பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். பணமோ பரிசோ கொடுக்க வேண்டாம். அலுவலகத்துக்கு நன்றி எழுதும்போது "நன்றாகச் சுற்றிக்காட்டினார்" என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

அவர் வெளிப்படையாகச் சொன்ன எதையும் அவர் பெயரோடு பள்ளியிடம் கொண்டுபோகாதீர்கள். "ராத்திரி தண்ணி வராதுன்னு உங்க பையனே சொன்னானே" என்று பிரின்சிபாலிடம் சொன்னால், நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பையன் அங்கேயே இருப்பான். "விடுதியில் இரவு தண்ணீர் வசதி எப்படி?" என்று உங்கள் சொந்தக் கேள்வியாகக் கேளுங்கள்.